ரீஃப் தொட்டிக்குக் கண்ணாடியா, வலையா, எவர்சில்வர் ஜாலியா?

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் மகனுக்காக ஹாலில் நாலடி மரைன் டேங்க் (பவளமும் கடல்மீனும் வளர்க்கும் ரீஃப் தொட்டி) வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. நீளம் 4 அடி, அகலமும் உயரமும் ஒன்றரை அடி, கீழே சம்ப் (மேல்தொட்டித் தண்ணீர் வழிந்து இறங்கி, பம்ப் வழியாகத் திரும்ப மேலே போகும் சின்னத் தொட்டி). சாஃப்ட் கோரல் (மென்பவளம்), சோவா (பவளத்துக்கு உறவான சின்ன உயிர்) எல்லாம் நன்றாக வளர்ந்திருக்கின்றன. மேலே மூடி இல்லை. போன மாதம் ஃபயர் ஃபிஷ் ஒன்று காணாமல் போய், நாலு நாள் கழித்து சோபாவுக்குப் பின்னால் கருவாடாகக் கிடைத்தது. மிச்சம் இருப்பது ஒரு ஜோடி க்ளவுன் ஃபிஷ், ஒரு சிக்ஸ் லைன் ராஸ். மீன் கடைக்காரர் கண்ணாடி மூடி போடச் சொல்கிறார். மகன் வலைதான் வேண்டும் என்கிறான். என் கணவர் தெரிந்த பட்டறையில் எவர்சில்வர் ஜாலி (கம்பித் தட்டி) அடித்துத் தருகிறேன் என்கிறார். இப்போதே கோடையில் தினமும் 5 லிட்டர் தண்ணீர் வற்றுகிறது, மத்தியானம் 29, 30 டிகிரி காட்டுகிறது. ஏற்காட்டில் இருக்கும் தங்கை கணவரும் இதேபோல ஒரு தொட்டி வைக்கப் போகிறார். இரண்டு வீட்டுக்கும் ஒரே மூடி சரிப்படுமா? இன்னொன்று, தெரிந்தவர் ஒருவர் ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து பவளம் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அம்மா, மூன்று பேரில் உங்கள் பையன் சொல்வதுதான் சரி. ஏ.சி. இல்லாத சேலத்து ஹாலில் ரீஃப் தொட்டிக்கு வலை மூடிதான் பொருந்தும். கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் தினமும் கை வைப்பது கோல்டு ஃபிஷ், ஏஞ்சல், ஆஸ்கார் தொட்டிகளில். நன்னீருக்குக் கண்ணாடி மூடி போட்டால் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது. கடல்நீரில், அதுவும் பவள உயிர்கள் இருக்கிற நீரில், கணக்கு வேறு.

தினமும் 5 லிட்டர் வற்றுகிறது என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தண்ணீர் சும்மா போகவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2,400 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியைத் தொட்டியிலிருந்துதான் உருவிக்கொண்டு போகும். ஒரு நாள் முழுக்கப் பங்கிட்டால் லிட்டருக்கு 28 வாட், 5 லிட்டருக்கு 140 வாட். எல்.இ.டி. விளக்கு, சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப், நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கர், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாம் சேர்ந்து தண்ணீரில் இறக்கும் சூட்டில் பெரும்பங்கை இந்த ஆவிதான் கரண்ட் பில் இல்லாமல் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது.

மேலே கண்ணாடியைப் போட்டு அடைத்தால் அந்த வழி போய்விடும். மிச்சம் இருப்பது பக்கக் கண்ணாடிகள். அவற்றின் வழியாகச் சூடு வெளியே போக வேண்டுமானால், ஹால் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சித்திரை மாதத்தில் ஹால் 34 டிகிரியில் கொதிக்கும்போது சூடு வெளியே போகாது, உள்ளேதான் வரும். அறையைவிடத் தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்க இரண்டே வழிதான் உண்டு. ஒன்று சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்; இன்னொன்று ஆவி. சில்லர் இல்லாத வீட்டில் கண்ணாடி மூடி போடுவது, இருக்கிற ஒரே வழியையும் கையாலேயே அடைப்பதாகும்.

ரீஃப் தொட்டியை 24 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருப்பது நல்லது. நீங்கள் சொல்லும் 29, 30 இப்போதே எல்லைக்கோடு. அதற்கு மேல் போய் நாள்கணக்கில் நின்றால், பவளத்தின் உடலுக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் போகும். ஆகவே வலை மூடியோடு ஒரு சின்ன ஃபேனும் வையுங்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்குமே, அந்த மாதிரி ஒன்றிரண்டு போதும். தண்ணீரின் மேல்பரப்பை உரசினாற்போல் காற்று போக வேண்டும். வறண்ட காற்று அடிக்கும் பங்குனி, சித்திரையில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு இறங்காது, ஆனால் அப்போது ஹாலும் சூடாக இருக்காது.

ஃபேன் வைத்தால் இன்னும் அதிகமாக வற்றும். அதைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். சம்பையும் சேர்த்து உங்கள் தொட்டியில் 250 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 5 லிட்டர் என்பது 2 சதவீதம். 35இல் (ஆயிரத்துக்கு 35 பங்கு) இருக்கும் உப்புத்தன்மை ஒரே நாளில் 35.7 ஆகும். மூன்று நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் 37ஐத் தாண்டியிருக்கும். எனவே மூடிக்கு ஒதுக்கும் பணத்தோடு வற்றிய அளவுக்குத் தண்ணீரைத் தானே ஊற்றும் டாப் அப் கருவிக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். அதன் சென்சாரை ரிட்டர்ன் பம்ப் இருக்கும் கடைசி அறையில் மாட்டுங்கள். மேல்தொட்டியின் மட்டம் மாறவே மாறாது, எவ்வளவு வற்றினாலும் அந்த அறையில்தான் இறங்கிக் காட்டும். ஊற்றுவது உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீராக இருக்கட்டும். மேட்டூர் தண்ணீர் வந்தாலும் போர் தண்ணீர் வந்தாலும் குழாயிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். தண்ணீர் போய்விடும், அதில் இருந்த சுண்ணமும் மற்றதும் தொட்டியில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

அந்த 5 லிட்டரும் உங்கள் ஹால் காற்றில்தான் கலக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். பக்கத்தில் பிளைவுட் அலமாரி இருந்தால் கதவு உப்பிக்கொண்டு சாத்த வராது. எதிரெதிரே இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்தாலே போதும். திறந்த ஜன்னலில் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆட்கள் படுத்திருக்கும் அடைத்த வீட்டில் கரியமில வாயு சேர்ந்து, தொட்டியின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) இரவில் 8க்குக் கீழே சரியும். அதன்மேல் கண்ணாடி மூடியும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

மின்தடையையும் யோசியுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்குக் கரண்டை எடுத்தால் சாயங்காலம்தான் வரும். பம்ப் நின்ற தொட்டியில் ஆக்சிஜன் உள்ளே போக மேல்பரப்பு ஒன்றுதான் வாசல். பேட்டரி ஏர் பம்ப் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன், எல்லாரும் வாங்குவதில்லை. மேலே வலை இருந்தால் அந்த அசட்டையைத் தொட்டி ஓரளவு தாங்கும்.

கண்ணாடியின் மற்ற குறைகள் சட்டென்று சொல்லிவிடக்கூடியவை. உங்கள் அளவுக்கு 5 மி.மீ. கண்ணாடி என்றால் 7 கிலோ வரும். தீனி போடும் ஒவ்வொரு தடவையும் அதைத் தூக்கி வைக்க வேண்டும். துடைத்த சுத்தமான கண்ணாடியே பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத் தடுத்துவிடும். அடியில் நீர்த்துளியும் உப்பும் படிந்தால் இன்னும் அதிகம். அக்ரிலிக் ஷீட் எடை குறைவு, வெளிச்சமும் நன்றாக விடும், போர்டு அடிக்கும் கடையில் லேசரில் வெட்டியும் தருவார்கள். ஆனால் அடிப்பக்கம் ஈரத்தை உறிஞ்சும், மேல்பக்கம் விளக்குச் சூட்டில் காயும்; அப்பளம்போல வளைந்துகொண்டு மூலைகள் தூக்கிவிடும்.

இனி உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் ஜாலி. உருக்காலை இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு எவர்சில்வரைக் குறை சொல்வது சங்கடம்தான். ஆனால் சமையலறையில் உழைக்கும் அதே எவர்சில்வர் கடல்நீரின் தலைக்கு மேல் உழைக்காது. சாதாரண எவர்சில்வரான 304 ரகத்தில் உள்ள குரோமியம் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உண்டாக்கி வைத்திருக்கிறது, துருவைத் தடுப்பது அதுதான். உப்பில் உள்ள குளோரைடு அந்தப் படலத்தில் ஊசிமுனை அளவுக்குத் துளை போடும். ஜாலியில் கம்பிக்குக் கம்பி வெல்டு வைத்த இடங்களில் முதலில் பழுப்பு ஏறும், பிறகு அங்கிருந்து தொட்டிக்குள் சொட்டும். 316 ரகம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், அதுவும் நிரந்தரமில்லை. ஜாலிக்குப் பதில் கால்வனைஸ்டு கம்பிவலை போடலாம் என்று பட்டறையில் யாராவது சொன்னால் கட்டாயம் மறுத்துவிடுங்கள். அதில் துத்தநாகம் இருக்கிறது. பித்தளை ஸ்க்ரூவில் செம்பு இருக்கிறது. இரண்டும் நத்தை, இறால், பவளம் போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு நஞ்சு.

அவருடைய பட்டறை ஆர்வத்துக்கு வேறு வேலை இருக்கிறது. அலுமினிய ஜன்னலுக்குக் கொசுவலை ஃப்ரேம் போட்டுத் தருகிற கடைக்கு அவரையே அனுப்புங்கள். நமக்கு வேண்டியது அந்த ஃப்ரேம்தான், வலை மட்டும் வேறு. ஜன்னல் கொசுவலை வேண்டாம். அதன் நூலும் நெருக்கமும் சேர்ந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெளிச்சத்தைத் தின்றுவிடும், தூசியும் உப்பும் அடைத்தால் காற்றும் போகாது. நிறமற்ற அல்லது வெள்ளை நைலான் வலையில், 6 மி.மீ. சதுரக் கண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். மரைன் பொருள் விற்பவர்களிடம் மூடிக்கென்றே கிடைக்கும். மேட்டூர் பக்கம் மீன்பிடிக்கும் நரம்பு வலை மலிவாகக் கிடைக்கிறதே என்று தோன்றும். அதன் கண் இழுத்தால் கோணலாக விரியும், குதிக்கிற மீனின் செவுள் அதில் மாட்டிக்கொள்ளும். சீலிங் விளக்குக்குப் போடும் பிளாஸ்டிக் கட்டம், எக் க்ரேட் என்பார்களே, அதுவும் உதவாது. ஒன்றேகால் சென்டிமீட்டர் கட்டத்தில் ஃபயர் ஃபிஷ் உடம்பை நுழைத்து வெளியே வந்துவிடும்.

அளவு எடுக்கும்போது நீளத்தை முன்னால், நடுவில், பின்னால் என்று மூன்று இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். உள்ளூரில் ஒட்டிய தொட்டி சரியான செவ்வகமாக இருக்காது, மூன்று நாலு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கும். இருப்பதில் சின்ன அளவை எடுத்து, அதிலும் 3 மி.மீ. குறைத்து ஃப்ரேம் வெட்ட வேண்டும். நாலடிக்கு ஒரே ஃப்ரேம் வேண்டாம், இரண்டிரண்டு அடியாக இரண்டு துண்டு போடுங்கள். வலையை விறைப்பாக இழுத்து, அதைச் சட்டத்தின் பள்ளத்தில் இறுக்கும் ரப்பர் பீடிங்கை உருளையால் அழுத்தும்போது நீண்ட சட்டம் உள்பக்கமாக வளையும். வளைந்த இடத்தில் விழும் இடுக்கு மீனுக்குப் போதும். வலை மேளத்தோல் அளவுக்கு விறைக்க வேண்டியதில்லை, கை வைத்தால் தொய்யாமல் இருந்தால் சரி.

ஜன்னல் போடுகிறவர் பழக்கத்தில் மூலைக்கு எல் வடிவப் பட்டை வைத்துப் பாப் ரிவெட் அடித்துவிடுவார். முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். ரிவெட்டின் வெளிப்பக்கம் அலுமினியமாக இருந்தாலும் நடுவில் ஒடிந்து நிற்கும் ஊசி பெரும்பாலும் இரும்பு. அது சீக்கிரமே துருப்பிடித்து நேராகத் தண்ணீரில் சொட்டும். பிளாஸ்டிக் மூலை இணைப்பு வைக்கச் சொல்லுங்கள். சட்டம் பவுடர் கோட்டிங் செய்ததாக இருக்கட்டும், அறுத்த முனைகளை அக்வேரியம் சிலிக்கான் கொண்டு மூடிவிடுங்கள். ஃப்ரேம் தண்ணீரைத் தொடாமல், தொட்டியின் விளிம்பில் உள்பக்கம் ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டையின் மேல் உட்கார வேண்டும். வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அலசினால் வலையில் உப்பு பூக்காது.

இவ்வளவும் செய்த பிறகும் மீன் வெளியே வந்தால், அது வலை வழியாக வந்திருக்காது. தண்ணீர் சம்புக்கு வழியும் ஓவர்ஃப்ளோ பெட்டி இருக்கும் மூலை, ரிட்டர்ன் பைப் வளைந்து இறங்கும் இடம், வேவ் மேக்கர் ஒயர் போகும் சந்து, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பயந்த மீன் கண்ணாடியோரமாகவே ஓடும், ஓடி மூலையில்தான் எம்பும். பைப்புக்காக ஃப்ரேமைப் பெரிதாக வெட்டிவிடாதீர்கள். அந்த மூலையில் மட்டும் ஒரு சின்ன அக்ரிலிக் துண்டைப் பைப்பின் அளவுக்கு வெட்டி வையுங்கள். தீனிக்கு ஒரு துண்டில் கையகலக் கதவு விட்டால், தினமும் மூடியைத் தூக்க வேண்டியதில்லை. தூக்கிய மூடியைச் சரியாக வைக்காமல் போவதுதான் பல வீடுகளில் நடக்கிறது.

இன்னொரு விஷயம், கேட்காமலே சொல்கிறேன். ஃபயர் ஃபிஷ் சாதுவான, பயந்த மீன். அது குதித்தது மூடி இல்லாததால் மட்டுமில்லை. உங்கள் சிக்ஸ் லைன் ராஸின் மேல் எனக்குச் சந்தேகம். பார்க்க அழகு, ஆனால் இடம் பிடித்துக்கொண்டால் புதிதாக வரும் சாதுக்களை விரட்டி விரட்டி அடிக்கும். வலை போட்டுவிட்டோம் என்று இன்னொரு ஃபயர் ஃபிஷ் வாங்கி விட்டால், இந்தத் தடவை சோபாவுக்குப் பின்னால் கிடக்காது, பாறைச் சந்தில் பட்டினி கிடந்து சாகும். ராஸை வேறு தொட்டிக்குக் கொடுத்துவிட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஃபயர் ஃபிஷ் ஆசையை விட்டுவிடுங்கள். ராஸுக்குமே குதிக்கிற பழக்கம் உண்டு என்பதால் மூடி எப்படியும் வேண்டும். இரவில் விளக்கைச் சட்டென்று அணைக்காமல், படிப்படியாகக் குறையும்படி டைமர் வையுங்கள். வெளிச்சத்திலிருந்து திடீரென்று இருட்டாகும் அந்த நொடியில்தான் பல மீன்கள் துள்ளுகின்றன.

ராமேஸ்வரத்துப் பவளம் வேண்டவே வேண்டாம். பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. எடுப்பதும் குற்றம், விற்பதும் குற்றம், வாங்குகிறவரும் சிக்குவார். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவிலிருந்து உடைத்து வந்ததா இல்லையா என்று உங்களால் நிரூபிக்கவும் முடியாது. இருக்கிற சோவாவும் சாஃப்ட் கோரலும் பெருகினாலே நாலடி தொட்டி நிறைந்துவிடும்.

ஏற்காட்டுக்கு ஒரே மூடி சரிப்படாது. இங்கே நாம் விரட்டப் பார்க்கிற சூட்டை அங்கே சேமிக்க வேண்டும். 1,500 மீட்டர் உயரத்தில் மார்கழி, தை இரவுகளில் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டியிலிருந்து ஆவியாகும் ஒவ்வொரு லிட்டருக்கும் அதே 28 வாட்டை ஹீட்டர் ஈடுகட்ட வேண்டும். உங்கள் தங்கை கணவர் தொட்டியின் மூன்றில் இரண்டு பங்குக்குக் கண்ணாடியும் மீதிக்கு வலை ஃப்ரேமும் போடட்டும். சூடு மிச்சமாகிறதே என்று முழுக்க அடைத்துவிட வேண்டாம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. அதனால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் சேலத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். மேல்பரப்பு நன்றாகக் கலங்கும்படி வேவ் மேக்கரை மேல்நோக்கித் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். ஸ்கிம்மரை ஒரு அளவு பெரிதாகவே வாங்கட்டும். பங்குனி, சித்திரையில் மலையிலும் வெயில் ஏறும்போது ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டு வலையைப் போட்டுக்கொள்ளலாம். அதனால் இரண்டையும் ஒரே அளவில் வெட்டி வைப்பது வசதி.

மீன் கொண்டுபோகும் அன்று பையைக் கடையில் முழுக்க உப்ப விடக்கூடாது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் உள்ளே இருக்கும் காற்று விரிந்து ரப்பர் பேண்டு தெறிக்கும் அளவுக்குப் பை விறைத்துவிடும். முக்கால் பாகம் உப்பியிருந்தால் போதும், இரட்டைப் பையாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். மேலே போனதும் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு மீனை விடுங்கள், வலையை அப்போதே மாட்டிவிடுங்கள். புதிதாக விட்ட மீன் முதல் ராத்திரிதான் அதிகம் குதிக்கும்.